கைக்கும் ஐந்துக்கும் ஒரே சொல்: 'லிமா'

அண்மைக் காலமாக நம் சங்கக் கூட்டங்களிலும் மலர்களிலும் 'உலக மொழிகளில் தமிழ்ச் சொற்கள்' என்ற பட்டியல்கள் நிறைய வருகின்றன. படிக்கும்போது மனம் குளிர்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை நம் வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் செல்கிறாள். அங்கே விவரம் தெரிந்த ஓர் ஆசிரியர், அதில் உள்ள பத்துச் சொற்களில் ஏழு தவறு என்று காட்டி விடுகிறார். மீதி மூன்று சொற்கள் உண்மையிலேயே தமிழிலிருந்து போனவை. ஆனால் அந்தக் குழந்தை இனி அந்த மூன்றையும் நம்பமாட்டாள். வெளி மாநிலத்தில் பிறந்து வளரும் பிள்ளைக்குத் தமிழின் மீதுள்ள பற்று நூலிழை போன்றது. அதில் பொய்யான பாரத்தை ஏற்றினால் அறுந்து போகும்.

அதனால் எந்தச் சொல்லுறவு மெய், எது பொய் என்று சோதித்துப் பார்க்கும் முறையை நாமே தெரிந்து வைத்திருப்பது நல்லது. நான் மொழியியல் பட்டம் பெற்றவன் அல்லன். பொறியியல் டிப்ளமா படித்து, இரயில்வேயில் தண்டவாளத்தோடும் வேகன்களோடும் காலம் கழித்தவன். ஆயினும் ஓய்வுக் காலத்தில் படித்ததில் ஒன்று விளங்கியது. மொழி அறிஞர்களின் சோதனை முறை, வேகன் பரிசோதகரின் முறையிலிருந்து அதிக தூரம் இல்லை. அதை விளக்குவதற்கு நமக்குச் சொந்தமில்லாத ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம். சொந்தச் சொல் என்றால் பாசம் கண்ணை மறைக்கும் அல்லவா?

அந்தச் சொல் 'லிமா'.

பாதி உலகைச் சுற்றிய சொல்

மலாய் மொழியில் ஐந்து என்பதற்கு 'லிமா'. இந்தோனேசியாவில் ஜாவா மொழியிலும் 'லிமா'. பிலிப்பைன்சின் தகாலோகில் 'லிமா'. தைவான் தீவின் பழங்குடியினரான அமிஸ் மக்களிடமும் 'லிமா'. பிஜியில் 'லிமா'. பசிபிக் நடுவே சமோவாவில் 'லிமா', ஹவாயில் 'லிமா', டோங்காவில் 'நிமா', நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் 'ரிமா', தென் அமெரிக்காவை நோக்கித் தனியே கிடக்கும் ஈஸ்டர் தீவில் 'ரிமா'. மறுபக்கம் ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கரில் 'டிமி'.

உலகப் படத்தை விரித்து மடகாஸ்கரில் ஒரு விரலையும் ஈஸ்டர் தீவில் ஒரு விரலையும் வையுங்கள். இடையே 200 பாகைக்கும் மேற்பட்ட தீர்க்க ரேகை வித்தியாசம்; பூமியின் சுற்றளவில் பாதிக்கும் மேல். இத்தனை தூரத்தையும் தாண்டி ஒரே எண்ணுப் பெயர் நிற்கிறது.

இதைவிடச் சுவையான செய்தி, இந்தச் சொல்லுக்குப் பல இடங்களில் 'கை' என்றும் பொருள் உண்டு. சமோவா, டோங்கா, ஹவாய், ஈஸ்டர் தீவு ஆகிய இடங்களில் கைக்கும் ஐந்துக்கும் இதே சொல்தான். பாலித் தீவிலும், தைவானின் பைவான் மக்களிடமும் அப்படியே. ஹவாயில் 'லிமாஹானா' என்றால் உழைப்பாளி. 'லிமா' கை, 'ஹானா' வேலை. அதே ஹவாயில் வெள்ளிக்கிழமைக்குப் 'போஅலிமா' என்று பெயர். ஐந்தாம் இரவு என்று பொருள். ஒரு சொல் கையாகவும் எண்ணாகவும் ஒரே வீட்டில் இரண்டு வேலை பார்க்கிறது. காரணம் சொல்லவேண்டியதில்லை. மனிதனின் முதல் கணக்குப் புத்தகம் அவன் கைதான்.

சில இடங்களில் இந்த இரண்டு பொருளும் பிரிந்துவிட்டன. மலாயில் கைக்கு 'தாங்கான்', தகாலோகில் 'காமாய்', மடகாஸ்கரில் 'தானானா', மாவோரியில் 'ரிங்கா'. கைக்கு வேறு சொல் வந்துவிட்டது. ஐந்து மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. எண்ணுப் பெயர்களைக் குழந்தைப் பருவத்திலேயே வரிசையாக ஒப்பிக்கிறோம். வரிசையில் கோத்த மணி எளிதில் உதிர்வதில்லை.

கண்டுபிடித்தவர்கள்

இந்த ஒற்றுமையை ஐரோப்பியர்கள் கவனித்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1616ஆம் ஆண்டில் பசிபிக் கடலில் சென்ற டச்சு மாலுமிகள் அங்கே கேட்ட சொற்களைக் குறித்து வைத்தார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு 1708இல் ஹாலந்து நாட்டு அறிஞர் அட்ரியான் ரெலாண்ட், மலாய், மடகாஸ்கர், பசிபிக் தீவுகள் ஆகிய மூன்று இடத்து மொழிகளும் ஒத்திருப்பதை எழுதினார். அவர் அந்தத் தீவுகள் ஒன்றையும் பார்த்தவர் அல்லர்.

1769இல் கேப்டன் குக்கின் கப்பல் தாஹித்தியிலிருந்து நியூசிலாந்து சென்றபோது, துபாயா என்ற பசிபிக் தீவுக்காரரும் உடன் இருந்தார். மாவோரி மக்களை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அவர் பேசியது அவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் பேசியது அவருக்குப் புரிந்தது. நாகர்கோவில்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இறங்கிப் பேசுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஜெர்மனியில் மருத்துவராக இருந்து மொழி அறிஞராக மாறிய ஆட்டோ டெம்ப்வோல்ஃப், 1934 முதல் 1938 வரை வெளியிட்ட நூலில் இந்த மொழிகளின் ஒலி மாற்றங்களை விதிகளாக வகுத்தார். இன்று இந்தக் குடும்பத்தை ஆஸ்திரோனேசிய மொழிகள் என்கிறார்கள். இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. அகழ்வாராய்ச்சியும் துணைக்கு வருகிறது. இம்மக்களின் முன்னோர் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து பிலிப்பைன்சுக்குப் பரவி, சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் டோங்கா, சமோவா வரை சென்றார்கள். நியூசிலாந்தில் குடியேறியது கி.பி. 13ஆம் நூற்றாண்டு வாக்கில்தான்.

அப்படியானால் 'லிமா' என்பது ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு விற்ற சரக்கு அல்ல. குடும்பம் குடிபெயர்ந்தபோது தாயின் மடியிலேயே கூடப் போன சொத்து.

முதல் சோதனை: ஒலி மாற்றம் ஒழுங்காக இருக்கிறதா?

'லிமா', 'ரிமா', 'டிமி' என்று ஒலி மாறியிருக்கிறதே, இவை ஒரே சொல் என்று எப்படிச் சொல்வது? காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறது என்று சொன்னால் போதாது. மாற்றம் ஒரு விதிப்படி நடந்திருக்க வேண்டும். ஒரு சொல்லில் நடந்தது, அதே சூழ்நிலையில் மற்றச் சொற்களிலும் நடந்திருக்க வேண்டும்.

சமோவாவில் 'ல' வரும் இடத்தில் மாவோரியில் 'ர' வருகிறதா என்று பாருங்கள். இரண்டுக்குச் சமோவாவில் 'லுவா', மாவோரியில் 'ருவா'. மூன்றுக்குத் 'தோலு' – 'தோரு'. ஐந்துக்கு 'லிமா' – 'ரிமா'. எட்டுக்கு 'வாலு' – 'வாரு'. வானத்துக்கு 'லாங்கி' – 'ராங்கி'. வரிசை பிசகவே இல்லை.

மடகாஸ்கர் கொஞ்சம் நுணுக்கமானது. அங்கே 'ல' எப்போதும் 'ட' ஆவதில்லை. 'இ' என்ற உயிர் பின்னால் வந்தால் மட்டுமே ஆகிறது. மலாயில் தோலுக்குக் 'கூலிட்', மடகாஸ்கரில் 'ஹூடிட்ர'. மலாயில் வாங்குவதற்குப் 'பெலி', மடகாஸ்கரில் விலைக்கு 'விடி'. ஆனால் மலாயில் வானம் 'லாங்கிட்', மடகாஸ்கரில் 'லானிட்ர'. இங்கே 'ல'வுக்குப் பின் 'ஆ' வருவதால் மாறவில்லை. நிபந்தனையோடு கூடிய விதி என்றால் இதுதான்.

இது நமக்குப் புதிதல்ல. நம் கன்னட நண்பர்களைக் கேளுங்கள். பால் அவர்களுக்கு 'ஹாலு', பல் 'ஹல்லு', பாம்பு 'ஹாவு'. தமிழில் சொல்லின் முதலில் 'ப' வந்தால் கன்னடத்தில் 'ஹ'. ஒன்றிரண்டு சொல்லில் அல்ல, நூற்றுக்கணக்கான சொற்களில். தமிழும் கன்னடமும் உடன்பிறந்தவை என்பதற்கு இந்த ஒழுங்கே சாட்சி.

இரண்டாவது சோதனை: தற்செயலா?

இப்போது பொறியைப் பாருங்கள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் தலைநகர் லிமா. ஸ்பெயின் நாட்டுப் பிசாரோ 1535இல் நிறுவிய நகரம். அந்நகரின் ஊடே ஓடும் ஆற்றுக்கு ரிமாக் என்று பெயர். ஊர் 'லிமா', ஆறு 'ரிமா(க்)'! பசிபிக் கடலின் ஒரு கரையில் 'லிமா – ரிமா' என்று மாறுகிறது. எதிர்க்கரையிலும் அதே 'ல – ர' மாற்றம். பட்டியல் போடுகிறவர் கையில் இது கிடைத்தால் விடுவாரா?

ஆனால் பெருவின் பெயர் கெச்சுவா மொழியில் 'பேசு' என்று பொருள்படும் 'ரிமா' என்ற வேரிலிருந்து வந்தது. 'ரிமாக்' என்றால் பேசுபவர். கைக்கும் ஐந்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. கெச்சுவாவில் கைக்கு 'மாக்கி', ஐந்துக்குப் 'பிச்சுகா'. மற்ற எண்ணுப் பெயர்களும் ஒத்துப் போகவில்லை. ஆகவே இது தற்செயல்.

இன்னும் கேளுங்கள். பழைய லத்தீன் மொழியிலும் 'லிமா' உண்டு. பட்டறையில் இரும்பைத் தேய்க்கும் அரம் அது. கையில் பிடிக்கும் கருவிதானே என்று கதை கட்டலாம். கதை கட்டுவது எளிது. இரயில்வேக்காரர்களுக்கு இன்னொரு லிமாவும் தெரியும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து லிமா நகரில் இருந்த நீராவி எஞ்சின் தொழிற்சாலை, மலைக்காட்டுப் பாதைகளில் மரம் இழுக்கும் 'ஷே' வகைப் பற்சக்கர எஞ்சின்களை 2,700க்கும் மேல் கட்டியது. அந்த ஊருக்குப் பெருவின் தலைநகர்ப் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் அதை 'லைமா' என்கிறார்கள். பெயர் இரவலாகப் போனதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

உலகில் ஆயிரக்கணக்கான மொழிகள்; மனித வாயில் எழும் ஒலிகளோ கொஞ்சம். இரண்டு அசைச் சொல் ஒன்று பல மொழிகளில் வேறு வேறு பொருளில் வருவதில் வியப்பு இல்லை. வராமல் இருந்தால்தான் வியப்பு.

மூன்றாவது சோதனை: கடன் சரக்கா?

பெருவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் தொடர்பே இல்லை என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு மாவோரியில் 'கூமாரா', ஈஸ்டர் தீவில் 'குமாரா'. தென் அமெரிக்காவின் கெச்சுவா வழக்குகளிலும் அதே கிழங்குக்குக் 'குமார்', 'குமாரா' என்ற பெயர் பதிவாகியிருக்கிறது. நம்மவர் உடனே முருகப் பெருமானை நினைத்துக் கைகூப்பிவிடக்கூடாது!

இங்கே சொல் மட்டும் ஒத்துப் போகவில்லை, பொருளும் ஒத்துப் போகிறது. கிழங்கின் தாயகம் அமெரிக்கா. வெள்ளைக்காரர் பசிபிக் கடலுக்குள் வருவதற்கு முன்பே அது தீவுகளில் பயிராகியிருந்ததற்கு அகழ்வாய்வுச் சான்று உண்டு. தீவு மக்களுக்கும் அமெரிக்கப் பழங்குடியினருக்கும் கி.பி. 1200 வாக்கில் கலப்பு நேர்ந்ததை 2020இல் வெளியான மரபணு ஆய்வும் காட்டியது. சரக்கோடு பெயரும் வந்திருக்கிறது. இது கடன் சொல்.

வேகன் யார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மூன்றும் சட்டென்று விளங்கும். ஒரே வரைபடத்தின்படி வெவ்வேறு பட்டறைகளில் கட்டிய வேகன்கள், ஆண்டுகள் போகப் போகச் சில உறுப்புகள் மாறினாலும் அடிச்சட்டத்தில் ஒன்றாகவே இருக்கும். அது பிறவி உறவு. வேறு இரயில்வேயின் எழுத்துப் பொறித்த வேகன் நம் யார்டில் நிற்கும். அது சரக்கு ஏற்றி வந்த கடன் வேகன். இரண்டு இரயில்வேக்களின் வேகன்களில் ஒரே எண் இருக்கும், அது தற்செயல். எண் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டும் ஒரே வேகன் என்று எழுதினால், மேலதிகாரி சும்மா விடமாட்டார்.

தாஹித்தியின் ஒரு விந்தை

விதி இருந்தும் சில நேரம் சொல் காணாமல் போவதுண்டு. 1769இல் குக்கின் கப்பலில் சென்றவர்கள் தாஹித்தியில் ஐந்துக்கு 'ரிமா' என்றே எழுதி வைத்தார்கள். இன்று அங்கே ஐந்துக்குப் 'பாயே'. 'ரிமா' என்பது கைக்கு மட்டும்.

இதற்குக் காரணமாக அத்தீவின் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார்கள். அரசரின் பெயரில் வரும் அசை எந்தச் சொல்லில் இருந்தாலும் குடிமக்கள் அந்தச் சொல்லைத் தவிர்த்து வேறு சொல்ல வேண்டும். 'போமாரே' என்ற பட்டப்பெயரில் 'போ' என்றால் இரவு, 'மாரே' என்றால் இருமல். அவர் அரசரானதும் மக்கள் இரவுக்கு 'ருயி' என்றும் இருமலுக்கு 'ஹோதா' என்றும் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு, நான்கு, ஐந்து ஆகியவற்றின் பழைய பெயர்களும் இவ்வாறே வழக்கொழிந்தன என்பர்.

சிரிக்க வேண்டாம். நம் பாட்டிமார் கணவன் பெயரைச் சொல்லமாட்டார்கள் அல்லவா? கணவர் பெயர் வெள்ளைச்சாமி என்றால் வெள்ளிக்கிழமையைக்கூடச் சுற்றி வளைத்துச் சொல்லும் அம்மையார்கள் நம் கிராமங்களில் இருந்தார்கள். வீட்டுக்குள் நடந்தது அங்கே நாடு முழுவதும் நடந்தது. ஒரு சொல் இல்லை என்பதால் உறவு இல்லை என்று ஆகிவிடாது. மற்றச் சொற்களையும் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இனி நம் வீட்டுச் சொல்லைச் சோதிப்போம்

அவர்களுக்குக் கையும் ஐந்தும் ஒன்று. நமக்கு? 'கை' என்கிறோம், 'ஐ' என்கிறோம். 'ஐ' என்பது 'கை'யிலிருந்து பிறந்தது என்று சொல்லத் தோன்றுகிறதா? அழகான எண்ணம்தான். சோதித்துவிடுவோம்.

இதற்குச் சாட்சி வெகு தூரத்தில் இல்லை. நாக்பூர், சந்திரபூர், சிந்துவாடா பக்கத்தில் வாழும் கோண்டு மக்களின் மொழி நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டவாளப் பணியில் அவர்களோடு பழகிய நம்மவர் பலர். கோண்டியில் ஐந்துக்குச் 'சைய்யுங்', ஆறுக்குச் 'சாருங்', உப்புக்குச் 'சோவர்'. தமிழில் ஐந்து, ஆறு, உப்பு. மூன்றிலும் கோண்டியில் முதலில் 'ச' இருக்கிறது, நம்மிடம் இல்லை. ஆக, மிகப் பழங்காலத்தில் நம் 'ஐந்து'க்கு முன்னாலும் ஒரு 'ச' இருந்து தேய்ந்து போயிருக்கிறது. 'கை'க்கு என்ன? கோண்டியிலும் 'கை'தான்! முதல் ஒலி ஒன்றில் 'ச', மற்றொன்றில் 'க'. இரண்டும் தமிழில் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. வேரில் வேறு வேறு. நம் எண்ணம் சோதனையில் தேறவில்லை.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஓர் ஆசை போயிற்று. கோண்டு மக்கள் நம் உறவினர் என்ற உண்மை கையில் வந்தது. எது பெரிது?

தமிழ் உண்மையிலேயே சென்ற இடம்

மலாய்க்காரர் ஐந்துக்கு 'லிமா' என்பது அவர்கள் சொந்தச் சொல். ஆனால் அவர்கள் கப்பலுக்குக் 'காப்பால்' என்கிறார்கள், கடைக்குக் 'கெடாய்', பெட்டிக்குப் 'பெத்தி', கட்டிலுக்குக் 'காத்தில்', வணிக முதலுக்கு 'மோடால்', மணமக்களுக்கு நம் மாப்பிள்ளையைக் கொண்டு 'மெம்பெலாய்'. இவை தமிழிலிருந்து போனவை, அறிஞர் ஒப்புக்கொண்டவை. பாருங்கள், எல்லாம் கப்பலோடும் கடையோடும் கல்யாணத்தோடும் சேர்ந்தவை. கை, கண், ஐந்து போன்றவற்றை யாரும் எளிதில் கடன் வாங்குவதில்லை. வணிகனாகச் சென்ற தமிழன் எதைக் கொண்டு போனானோ அதன் பெயரை விட்டு வந்தான்.

நியூசிலாந்திலும் ஒரு தமிழ் அடையாளம் உண்டு. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேக வைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தி வந்த வெண்கல மணி ஒன்றைக் கண்டார். அது முகைதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. இன்று வெலிங்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைக் கொண்டு மாவோரிகள் தமிழர் என்று எழுதுவோர் உண்டு. மணி சொல்வது அவ்வளவு இல்லை. ஒரு தமிழ் முஸ்லிம் வணிகரின் கப்பல் மணி ஏதோ ஒரு வழியில் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதே அது சொல்லும் சேதி. அதுவே போதுமான பெருமை இல்லையா?

வீட்டுப் பயிற்சி

பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். ஒரு தாளில் ஒன்று முதல் பத்து வரை தமிழில் எழுதுங்கள். அக்கம் பக்கத்துத் தெலுங்கு, கன்னட, மலையாள, மராத்தி, இந்தி, வங்காளக் குடும்பங்களைக் கேட்டு அவர்கள் சொல்வதையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. ஒலி மாற்றம் பல சொற்களில் ஒரே ஒழுங்காக வருகிறதா? 

2. ஒரு சொல் மட்டுமா, வரிசை முழுவதுமா ஒத்துப் போகிறது? 

3. ஒத்துப் போகும் சொல், ஏதேனும் சரக்கோடு வந்த சொல்லா?

நான்கு தென்மொழிகளும் ஒருபக்கமும் மராத்தி, இந்தி, வங்காளம் மறுபக்கமும் தாமாகவே பிரிந்து நிற்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடிக்கும். யாரும் சொல்லித் தந்து நம்பியதாக இராது. தானே கண்டதாக இருக்கும். அடுத்த முறை யாராவது ஒரு பட்டியலை நீட்டும்போது, அந்தப் பிள்ளை அதை வாங்கி மூன்று கேள்வியும் கேட்டுவிட்டு, தேறிய சொற்களைத் தைரியமாக வகுப்பில் எடுத்துச் சொல்லும்.